லண்டன் நகர மையத்தில் ஒரு தனியார் ஜூனியர் பள்ளி: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகள் மத்திய லண்டனில் உள்ள ஒரு தனியார் ஜூனியர் பள்ளியில் நான்கு ஆண்டுகள் படித்து முடித்தாள். அந்த ஆண்டுகளிலும் அதன் பிறகும் கோயிலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாசலிலும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பதினோரு வயதில் எழுதும் நுழைவுத் தேர்வைப் பற்றியவை. ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை அந்தக் குழந்தையின் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று கேட்டவர்கள் மிகச் சிலர். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான் என்பதால், அதற்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஜூனியர் பள்ளி என்றால் எந்த வயது? ‘இண்டிபென்டன்ட்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

இங்கிலாந்தில் ஜூனியர் பள்ளி என்பது பொதுவாக 7 முதல் 11 வயது வரை, அதாவது ‘இயர் 3’ முதல் ‘இயர் 6’ வரையிலான நான்கு ஆண்டுகளைக் குறிக்கும். ஆகஸ்ட் 31-க்குள் ஏழு வயது நிறைந்த குழந்தை அந்தச் செப்டம்பரில் இயர் 3-இல் சேரும். செப்டம்பரில் பிறந்த குழந்தையும் அடுத்த ஆகஸ்டில் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பில் அமர்வதால், இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஆண்டு வயது வித்தியாசம் இருக்கலாம். ஏழு வயதில் அது சிறிய வித்தியாசம் இல்லை. ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் முதல் ஆண்டு அறிக்கையைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

‘இண்டிபென்டன்ட்’ என்றால் அரசின் நிதியைப் பெறாமல் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தில் இயங்கும் பள்ளி. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களைக் குழப்புவது ‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற பெயர்; இங்கே அது பழைமையான சில தனியார் உயர்நிலைப் பள்ளிகளைக் குறிக்கிறது, அரசுப் பள்ளியை அல்ல. இங்கிலாந்தின் மாணவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

‘சிட்டி’ பள்ளி என்று சிலவற்றைத் தனியாகச் சொல்வது ஏன்?

லண்டனில் ‘தி சிட்டி’ என்றால், ரோமானியர் காலத்து நகரம் அமைந்திருந்த, இன்று வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்திருக்கும் அந்த ஒரு சதுர மைல் பகுதி. அதற்கென்று தனியாக ஒரு மாநகராட்சி உண்டு. அதன் நகர எழுத்தராக இருந்த ஜான் கார்பென்டர் 1442-இல் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக விட்டுச் சென்ற சொத்தின் வருமானத்தைக் கொண்டுதான் 1837-இல் சிட்டி ஆஃப் லண்டன் பள்ளி மில்க் ஸ்ட்ரீட்டில் திறக்கப்பட்டது. பெண்களுக்கான பள்ளி 1894-இல் வந்தது. இந்தக் குடும்பத்தில் புதியது, 2022 செப்டம்பரில் கிரேஸ் இன் வளாகத்தில் தொடங்கப்பட்ட சிட்டி ஜூனியர் பள்ளி. ஆண், பெண் இருபாலாரும் 7 முதல் 11 வயது வரை படிக்கும் பள்ளி அது. கிரேஸ் இன் என்பது வழக்கறிஞர்களுக்கான நான்கு பழைய சங்கங்களில் ஒன்று. 1594 டிசம்பரில் ஷேக்ஸ்பியரின் ஒரு நகைச்சுவை நாடகம் அதன் மண்டபத்தில்தான் நடிக்கப்பட்டது. செயின்ட் பால் பேராலயத்தை ஒட்டி இயங்கும் பள்ளி சிட்டிக்குள்ளேயே இருக்கிறது. பேராலயத்தின் வழிபாட்டில் பாடும் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். கீழே நான் சொல்வது இவற்றில் எந்த ஒரு பள்ளியையும் பற்றியது அன்று. நகரத்தின் நெரிசலுக்குள் இயங்கும் ஜூனியர் பள்ளிகளுக்குப் பொதுவானவற்றையும் நாங்கள் நேரில் கண்டதையும் சொல்கிறேன்.

அரசுப் பள்ளி இலவசமாகக் கிடைக்கும்போது இது தேவையா?

எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்ல மாட்டேன். லண்டனின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பல மிக நன்றாக இருக்கின்றன. எங்கள் மகன் படிப்பதே அப்படிப்பட்ட ஒன்றில்தான், அவனுக்கு அது பொருந்துகிறது.

சட்டப்படி உள்ள வேறுபாடுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. தனியார் பள்ளி தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இயர் 6-இன் மே மாதத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ‘சாட்ஸ்’ தேர்வும், இயர் 4-இல் 25 கேள்விகளுக்குத் தலா 6 விநாடியில் விடை சொல்ல வேண்டிய வாய்ப்பாட்டுச் சோதனையும் தனியார் பள்ளிக்குக் கட்டாயம் அல்ல. இந்தச் சுதந்திரத்தை ஒரு பள்ளி இரண்டு வகையாகப் பயன்படுத்தலாம். கிடைக்கும் நேரத்தை வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் இசைக்கும் நாடகத்துக்கும் கொடுக்கலாம். அல்லது மொத்தத்தையும் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கே செலவிடலாம். ஒரே அளவு கட்டணம் வாங்கும் இரு பள்ளிகளுக்கு இடையே உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். விளம்பரக் கையேட்டில் அது தெரியாது. இயர் 5 அல்லது இயர் 6 வகுப்பின் வாராந்தர கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஏழு வயதில் நுழைவுத் தேர்வா? அதற்கு எப்படித் தயார் செய்வது?

ஆம். ‘செவன் பிளஸ்’ என்று அழைக்கப்படும் இந்தத் தேர்வு, குழந்தை இயர் 2-இல் இருக்கும்போது பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் நடக்கும். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்து விடை எழுதுவது, சிறு கதையோ விவரிப்போ எழுதுவது, கணக்கு, சில இடங்களில் காரணமறியும் வினாக்கள் ஆகியவை இருக்கும். அடுத்த சுற்றில் சிறு குழுவாக அழைத்து, ஒரு பொருளைக் கையில் கொடுத்துப் பேசவைத்தும் சேர்ந்து ஏதாவது செய்யவைத்தும் கவனிப்பார்கள்.

ஆறு வயதுக் குழந்தையை வாரம் இரண்டு டியூஷனுக்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை. அதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு புத்தகம் படித்துக்காட்டுவதும், கதையை நடுவில் நிறுத்தி “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று கேட்பதும் பலன் தரும். தேர்வின் வடிவம் புதிதாக இருக்கக் கூடாது என்பதற்காகக் கடைசி இரண்டு மாதங்களில் சில மாதிரித் தாள்களைச் செய்யவைத்தால் போதும். தமிழிலேயே வீட்டில் பேசுகிறோமே, ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். எந்த மொழியிலானாலும் விரிவாகப் பேசிப் பழகிய குழந்தை இந்த இரண்டாவது சுற்றில் தயங்குவதில்லை என்பதை எங்கள் வட்டத்திலேயே பல முறை பார்த்திருக்கிறேன்.

மொத்தமாக எவ்வளவு செலவாகும்?

மத்திய லண்டனில் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டும் பள்ளிகளே பெரும்பான்மை. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில், அறக்கட்டளைகளாக இயங்கும் இங்கிலாந்துத் தனியார் பள்ளிகளுக்கு இருந்த கட்டட வரிச் சலுகையும் நீக்கப்பட்டது. ஆகவே ஒரு பள்ளி கட்டணத்தைச் சொல்லும்போது அது வரி சேர்ந்ததா சேராததா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு வெளியே நிற்கும் செலவுகள்தான் குடும்பத்தைத் திணற வைக்கும். திரும்பக் கிடைக்காத பதிவுக் கட்டணம், இடத்தை உறுதி செய்யும் வைப்புத் தொகை, சீருடை, தனி இசை வகுப்பு, மாலை வகுப்புகள், வெளியூர்ப் பயணம் எனப் பட்டியல் நீளும். வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் ‘பெர்சரி’ உதவி உயர்நிலை வகுப்புகளில்தான் அதிகம். ஜூனியர் வகுப்புகளில் அரிது. பள்ளி நேரத்துக்கு முன்பும் பின்பும் நடக்கும் பராமரிப்பு வகுப்புகளுக்கு, அவற்றை நடத்துவோர் பதிவு செய்திருந்தால், அரசின் வரியில்லாக் குழந்தைப் பராமரிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். நீங்கள் செலுத்தும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கும். ஆனால் வகுப்பு நேரத்துக்கான கட்டணத்தை அதிலிருந்து கட்ட முடியாது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான்கு ஆண்டுகளுக்கும் கட்டணம் ஆண்டுதோறும் உயரும் என்று வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டாவது பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்த்து, அதன் பிறகும் மாதக் கடைசியில் வீட்டில் நிம்மதி இருக்குமா என்று பாருங்கள். இருக்காது என்றால் இந்தப் பள்ளி வேண்டாம். பணக் கவலையால் பெற்றோர் சண்டையிடும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு எந்த நல்ல ஆசிரியராலும் ஈடுசெய்ய முடிவதில்லை.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலை 8.30 மணி வாக்கில் வருகைப் பதிவு. முதலில் வகுப்பாசிரியரோடு சிறிது நேரம், பிறகு ஆங்கிலமும் கணக்கும். இயர் 3-இல் பெரும்பாலான பாடங்களை வகுப்பாசிரியரே நடத்துவார். இசை, மொழி, விளையாட்டு போன்றவற்றுக்குத் தனி ஆசிரியர்கள் இருப்பார்கள். மேல் வகுப்புக்குப் போகப் போக அறிவியலுக்கும் கலைக்கும் தனி அறைகளுக்கு நடந்து செல்லத் தொடங்குவார்கள். 3.30 அல்லது 4 மணிக்கு வகுப்பு முடியும். வேலைக்குச் செல்லும் பெற்றோருக்காகச் சதுரங்கம், பாட்டு, தையல் என்று மாலை வகுப்புகள் 5.30 அல்லது 6 மணி வரை நடக்கும்.

முதல் பருவத்தில் குழந்தை மாலையில் பேசாமல் சோர்ந்து கிடப்பாள், சின்ன விஷயத்துக்கும் அழுவாள். எங்கள் வீட்டில் நவம்பர் வரை அப்படித்தான் இருந்தது. அந்தப் பருவத்தில் பரதநாட்டியம், நீச்சல், அபாகஸ் என்று எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள்.

நகரத்துக்கு நடுவில் விளையாட இடம் இருக்குமா? காற்று மாசு?

இது நியாயமான கவலை. ஊருக்கு வெளியே இருக்கும் பள்ளியில் இருப்பதைப் போன்ற பச்சைப் புல்வெளி இங்கே கிடையாது. கட்டட மாடியில் வலை போட்ட விளையாட்டுத் தளம், சுவர்களுக்கு நடுவே ஒரு முற்றம், பக்கத்துப் பூங்கா இவைதான் இருக்கும். கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பேருந்தில் ஏறி மைதானத்துக்குப் போக வேண்டும். போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் விளையாட்டுக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். ஓடாமல் இருக்க முடியாத பிள்ளைகள் உண்டு. அத்தகைய பிள்ளைக்கு இந்தப் பள்ளிகள் இறுக்கமாகத் தோன்றலாம்.

காற்றைப் பொறுத்தவரை, புகை அதிகம் விடும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் ‘யூலெஸ்’ மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இருந்தாலும் பெருஞ்சாலையை ஒட்டிய வாசலும் உட்தெருவில் உள்ள வாசலும் ஒன்றல்ல. ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் காலை 8.30 மணிக்கு அந்த வாசலில் நீங்களே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்படியானால் நகரத்துக்குள் படிப்பதால் என்னதான் லாபம்?

நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் பாடம் இருக்கிறது. ரோமானியரைப் பற்றிப் படிக்கும் வகுப்பு, டவர் ஹில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ரோமானிய நகர மதிலைத் தொட்டுப் பார்க்கலாம். ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற தெய்வத்துக்கான, 1954-இல் கண்டெடுக்கப்பட்ட கோயிலின் எச்சங்களை இன்று ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடியில் இலவசமாகக் காணலாம். சிட்டி மாநகராட்சியின் பழைய மண்டபமான கில்டுஹாலுக்குக் கீழே 1988-இல் வெளிப்பட்ட ரோமானியப் போட்டியரங்கும் அப்படியே. வகுப்பில் படித்ததைப் பிற்பகலிலேயே கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இது. பள்ளிக் குழுக்கள் வார நாட்களில் காலை 9.30 மணிக்குப் பிறகு முன்பதிவு செய்து சுரங்க ரயிலில் இலவசமாகச் செல்லும் ஏற்பாடும் இருக்கிறது.

இரண்டு நாட்களைச் சொல்கிறேன். துணைக்கு வரும் பெற்றோராக நான் போன நாட்கள் அவை.

முதலாவது, தேம்ஸ் நதிக்கரை. கடலின் ஏற்றவற்றம் தேம்ஸில் லண்டன் வரை உண்டு. நீர் மட்டம் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் கரையின் கூழாங்கல் பரப்பு வெளியே தெரியும். அங்கே எதையும் தேடவோ எடுக்கவோ துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பதால், முறையான வழிகாட்டி ஒருவர் பிள்ளைகளை அழைத்துச் சென்றார். ரப்பர் காலணியும் கையுறையும் போட்ட இருபது பிள்ளைகள் குனிந்து நின்றார்கள். வழிகாட்டி ஒரு தட்டில் சாக்பீஸ் போன்ற வெள்ளைத் துண்டுகளை வைத்து, “இவற்றுக்கு நடுவில் துளை ஏன்?” என்று கேட்டார். எலும்பு, விசில், மணி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவை பழைய களிமண் புகைக்குழாய்களின் காம்புகள். பொதுவாகத் துளை பெரிதாக இருந்தால் பழையது, சிறிதாக இருந்தால் பிந்தியது. தொல்லியலாளர்கள் துளையிடும் கருவியின் முனைகளை ஒவ்வொன்றாகச் செருகி அதன் விட்டத்தை அளப்பதுண்டு. பிள்ளைகளும் அதேபோல அளந்து, குறிப்பேட்டில் எழுதி, காம்புகளை வயதுவாரியாக வரிசைப்படுத்தினார்கள். அடுத்த வாரம் அந்த அளவுகள் கணக்கு வகுப்பில் ஒரு வரைபடமாயின. மில்லிமீட்டர் என்பதை என் மகள் அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

இரண்டாவது, பிரிட்டிஷ் அருங்காட்சியகம். எகிப்தைப் படிக்கும்போது ரொசெட்டாக் கல்லின் முன் நின்றார்கள். கி.மு. 196-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆணை, சித்திர எழுத்து, எகிப்தியரின் அன்றாட எழுத்தான டெமோட்டிக், கிரேக்கம் என்று மூன்று எழுத்துகளில் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே செய்தியை ஏன் மூன்று தடவை எழுதினார்கள் என்று ஆசிரியை கேட்டபோது, “கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவது போல” என்று என் மகள் சொன்னாள். ஆசிரியை அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், “உங்கள் கோயிலில் எந்த மொழி மேலே இருக்கிறது? ஏன்?” என்று மேலும் கேட்டார். கல்லில் மேலே இருப்பது சித்திர எழுத்துத்தான். திரும்பும் வழியில் 33-ஆம் அறையில் உள்ள சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியையும் பார்த்தோம். தீச்சுடர் வளையத்தையும் முயலகனையும் அவளே வகுப்புத் தோழிகளுக்குக் காட்டினாள். தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால், இதைச் செய்யத் தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதில்லை. வார இறுதியில் நீங்களே அழைத்துச் செல்லலாம். பள்ளி தருவது, பார்த்த பிறகு கேட்கப்படும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

மதிப்பெண்ணும் ரேங்கும் இல்லாமல் என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல ஜூனியர் பள்ளிகள் ரேங்க் போடுவதில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறையோ இரு முறையோ வயதுக்கேற்பச் சீரமைத்த மதிப்பெண் தரும் தேர்வு வைப்பார்கள். அதில் 100 என்பது நாடளாவிய சராசரி. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். ஆகவே 108 என்று வந்தால் அதை நூற்றுக்கு இவ்வளவு என்று படிக்கக் கூடாது. வயதை ஒத்த பிள்ளைகளின் சராசரிக்குச் சற்று மேலே இருக்கிறாள் என்று பொருள். தேர்வு நாளன்று தூக்கம் இல்லாவிட்டால் கூட இந்த எண் நாலைந்து புள்ளி மாறும்.

பெற்றோர் சந்திப்பு பெரும்பாலும் பத்து நிமிடம்தான். “எத்தனை மார்க்?” என்பதில் அதைச் செலவிடாமல், “புரியாதபோது அவள் என்ன செய்கிறாள்? கை தூக்குகிறாளா, பக்கத்தில் பார்க்கிறாளா, பேசாமல் இருந்துவிடுகிறாளா?” என்று கேளுங்கள். எனக்கு அதிகம் பயன்பட்ட கேள்வி அது.

கணக்கை ஏன் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லித் தருகிறார்கள்?

நம்மில் பலருக்கு இது எரிச்சலூட்டும். கையிலிருந்த பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் செலவழித்தபின் 18 பவுண்டு மிஞ்சுகிறது, முதலில் எவ்வளவு இருந்தது? நாம் x என்று வைத்துச் சமன்பாடு எழுதுவோம். பிள்ளை ஒரு பட்டை வரைந்து ஐந்து கட்டங்களாகப் பிரித்து, இரண்டை அடித்துவிட்டு, மிஞ்சிய மூன்று கட்டங்கள் 18 என்றால் ஒரு கட்டம் 6, ஐந்து கட்டங்கள் 30 என்று சொல்லும். சிங்கப்பூரிலிருந்து வந்த இந்தப் பட்டை முறை, பின்னர் வரும் இயற்கணிதத்துக்கு அடித்தளம். அதற்குள் நீங்கள் x-ஐக் கற்பித்தால், விடை சரியாக வரும்; ஆசிரியர் எட்டிப்பார்க்க விரும்பிய சிந்தனை மறைந்துவிடும். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிப் பழக்குங்கள். அந்த உதவியை எந்தப் பள்ளியும் மறுக்காது.

வீட்டுப்பாடம் அதிகமா?

இயர் 3-இல் தினமும் படிப்பது, வாரத்துக்குச் சில எழுத்துக்கூட்டுச் சொற்கள், கொஞ்சம் கணக்கு. இயர் 6-இல் நாளுக்கு முப்பது, நாற்பது நிமிடம் வரை போகும். அதற்கு மேல் ஆகிறதென்றால் நீங்களே முடித்துக் கொடுக்காமல் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

லெவன் பிளஸ் தேர்வுக்குப் பள்ளியே தயார் செய்யுமா, டியூஷனும் வேண்டுமா?

இயர் 6-இன் முதல் பாதி இப்படிச் செல்லும். அரசின் கிராமர் பள்ளிகளுக்கான தேர்வு பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். அவற்றில் கட்டணம் இல்லை, இங்கிலாந்து முழுவதும் 163 பள்ளிகளே உள்ளன. அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கான விண்ணப்பத்தை அக்டோபர் 31-க்குள் உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும். முடிவு மார்ச் 1 அன்று வரும். தனியார் பள்ளித் தேர்வுகளும் நேர்காணல்களும் நவம்பர் முதல் ஜனவரி வரை நடக்கும். பிப்ரவரியில் முடிவு தெரியும். பல பள்ளிகள் பயன்படுத்தும் பொது முன்தேர்வு கணினியில் நடப்பது. ஆங்கிலம், கணக்கு, சொல்சார் காரணமறிதல், சொல்சாராக் காரணமறிதல் (படங்களையும் வடிவங்களையும் வைத்து) ஆகிய நான்கு பகுதிகள். விடைக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும். ஒரு கல்வியாண்டில் ஒரு முறைதான் எழுத முடியும். அந்த ஒரே முடிவு விண்ணப்பித்த பள்ளிகளுக்கெல்லாம் போகும்.

நல்ல ஜூனியர் பள்ளி இயர் 5-இலிருந்தே இதற்குப் பழக்கத் தொடங்கும்; நேர்காணலுக்கும் பேசிப் பழக்கும். கிராமர் பள்ளித் தேர்வுக்கு மட்டும், அதன் வடிவம் வேறு என்பதால், சிறிது தனிப் பயிற்சி தேவைப்படலாம். உயர்நிலைப் பள்ளியோடு இணைந்த ஜூனியர் பள்ளி என்றால், மேலே போக இடம் உறுதியா, நிபந்தனை உண்டா, எந்த வயதில் அந்த முடிவைச் சொல்வார்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இயர் 5-இன் கோடையில் மற்றவர்கள் அனுப்புகிறார்கள் என்ற அச்சத்தில் ஒரு டியூஷன் மையத்தில் சேர்த்தோம். பகலெல்லாம் பள்ளி, வாரம் மூன்று மாலை டியூஷன். ஆறாவது வாரத்தில், இரவுகளில் கதைப் புத்தகம் எடுக்கும் பழக்கம் அவளிடமிருந்து போய்விட்டதைக் கவனித்தேன். நாலு வயதிலிருந்து இருந்த பழக்கம் அது. டியூஷனை நிறுத்தினோம். பழக்கம் திரும்பி வர ஓர் ஆண்டு ஆயிற்று. வகுப்பு ஆசிரியரை நம்புவதற்கு நாங்கள் அவ்வளவு கட்டணம் கட்டிக்கொண்டிருந்தோம், ஆனால் நம்பவில்லை.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

பெரும்பாலான தனியார் ஜூனியர் பள்ளிகளில் மதிய உணவு பள்ளியிலேயே சமைத்துத் தரப்படும்; சைவ உணவு தினமும் இருக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே சைவம் என்பதில் முட்டை அடங்கும். கொட்டை வகைகளுக்குப் பல பள்ளிகளில் தடை உண்டு. பிறந்தநாளுக்குக் கடலை மிட்டாயோ முந்திரி போட்ட கேசரியோ கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.

தமிழ் மறந்துவிடுமா?

பள்ளி மறக்கச் செய்யாது, நேரமின்மை செய்யும். பகல் முழுதும் ஆங்கிலத்தில் நினைத்துப் பேசிவிட்டு வரும் குழந்தை, அன்று பள்ளியில் நடந்ததை ஆங்கிலத்தில்தான் சொல்ல விரும்பும். அதைத் தடுக்காமல் கேட்டுவிட்டு, நாம் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். அம்மாச்சியிடம் தொலைபேசியில் புகைக்குழாய்க் காம்பைப் பற்றிச் சொல்ல முயன்றபோது ‘துளை’ என்ற சொல் அவளுக்குத் தேவைப்பட்டது, அன்று கற்றுக்கொண்டாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் ஜூனியர் பள்ளியின் விளையாட்டுப் போட்டிகளும் ஒரே நேரத்தில் வருமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சில இரவுகள் வெளியூரில் தங்கவைக்கும் பயணத்துக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் முடிந்தவரை அனுப்புங்கள் என்பேன். எட்டு வயதில் ஒரு குழந்தை தன் படுக்கை விரிப்பைத் தானே மடித்து, ஈரக் காலுறையைத் தானே கண்டுபிடித்து, இரவு பயந்தபோது தோழியை எழுப்பிப் பேசிச் சமாளித்துவிட்டு வருவது, பாடப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்று. பெண் குழந்தை என்பதால் தயங்குபவர்கள், இரவில் யார் பொறுப்பு, அறைகள் எப்படிப் பிரிக்கப்படும், மருந்து யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் அனுப்ப வேண்டாம்.

குழந்தை வருத்தமாக இருக்கிறாள் என்றால் யாரிடம் பேசுவது?

முதலில் வகுப்பாசிரியர். அதற்கு மேல், குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒரு மூத்த ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும், தனியார் பள்ளியிலும், இருந்தே ஆக வேண்டும். அவர் பெயர் பெரும்பாலும் பள்ளி வாசலிலேயே படத்துடன் ஒட்டப்பட்டிருக்கும். தோலின் நிறத்தையோ பெயரையோ வைத்துக் கேலி நடந்தால் ‘சின்னப் பிள்ளைகள்’ என்று விட்டுவிடாமல் தேதியோடு எழுதித் தெரிவியுங்கள். மகளின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்ட ஆசிரியை ஒருவர், தினமும் காலையில் அதை அவளிடமே சொல்லிக்காட்டித் திருத்திக்கொண்டார். அந்தப் பள்ளியின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

முதலில் ஆய்வறிக்கையைப் படியுங்கள். தனியார் பள்ளிகளை அவற்றுக்கென உள்ள ‘இண்டிபென்டன்ட் ஸ்கூல்ஸ் இன்ஸ்பெக்டரேட்’ என்ற ஆய்வு அமைப்போ, அரசின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டோ ஆய்வு செய்கிறது, அறிக்கைகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். நேரில் போகும்போது, திறந்த நாளை விட வழக்கமான வேலை நாளில் போவது நல்லது. நூலகப் புத்தகங்களின் முதுகு மடிந்திருக்கிறதா, சுவரில் ஒட்டிய கட்டுரைகளில் பிள்ளைகளின் எழுத்துப் பிழைகள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் பிழையின்றி இருந்தால் எழுதியது யார் என்ற கேள்வி எழும். நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் ஒரு மணி நேரச் சுற்றில் எந்தெந்த உயர்நிலைப் பள்ளிக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதை மட்டுமே சொன்னார்கள். ஒரு குழந்தையையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. விண்ணப்பிக்காமல் வந்துவிட்டோம்.

தனியாகப் பயணம் செய்யலாமா?

11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு லண்டன் பேருந்துகளில் கட்டணம் இல்லை. பெரியவர் ஒருவருடன் நான்கு பிள்ளைகள் வரை சுரங்க ரயிலிலும் இலவசமாகப் போகலாம். இயர் 6-இன் கோடைப் பருவத்தில், எழுத்துமூலம் அனுமதி பெற்று, சில பள்ளிகள் தனியே வீடு திரும்ப விடுகின்றன. அதற்கு முன் அதே வழியில் பத்து முறையாவது சேர்ந்து போய், கடைசி மூன்று முறை அவளை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

நடுவில் பள்ளியை மாற்ற நேர்ந்தால்?

ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகள் ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன. தவறினால் அந்தப் பருவத்தின் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். அரசுப் பள்ளியில் ஆண்டின் நடுவில் இடம் கேட்பதற்கு உங்கள் உள்ளாட்சி மன்றத்திடமோ பள்ளியிடமோ விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு அருகில் காலியிடம் இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணிவிட முடியாது என்பதால், பழைய இடத்தை விடுவதற்கு முன் விசாரியுங்கள். பணக் காரணத்தால் மாற்றுகிறீர்கள் என்றால் பள்ளி அலுவலகத்தோடு வெளிப்படையாகப் பேசுங்கள். தவணை முறையில் கட்டவோ இடைக்கால உதவிக்கோ வழி இருக்கலாம். முடிவு எதுவானாலும், உறவினர்களுக்கும் மற்ற பெற்றோருக்கும் தெரிவதற்கு முன்பு குழந்தைக்குத் தெரிய வேண்டும். தோழிகளிடம் விடைபெற அவளுக்குச் சில வாரங்களாவது வேண்டும்.